ரெப்போவில் இல்லாத எழுத்து

"அப்பா, ஆபீஸ்ல நீ என்னதான் செய்யறே?" என்று நீங்கள் இருவரும் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். துணிக்கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறோம். பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கற்றுக்கொண்டவன் நான். அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தமிழில் பில் கேட்ட முதல் கடை, பாண்டி பஜாரில் மறுநாள் திறப்பதாக இருந்தது. "அங்க பில் ஒழுங்கா வரட்டும், உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்," என்று ஆபீஸை நடத்தும் எங்கள் மேடம் சொல்லியிருந்தார்.

எல்லோரும் எழுதுவதைச் சேர்த்து வைக்கும் பொதுப் பெட்டிக்கு ரெப்போ என்று பெயர். யார் எதை மாற்றினார்கள் என்பதும் அதில் பதிவாகும். கடையின் புதுக் கம்ப்யூட்டருக்கு ரெப்போவில் உள்ளவை மட்டும்தான் போகும். அனுப்புமுன் எந்த வகைக் கோப்பு எத்தனை என்று எண்ணி மேடத்திடம் சொல்வது எங்கள் வழக்கம். கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் வகை தெரியும்.

நான் என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரை எண்ணிவிட்டேன். ஆயிரக்கணக்கில் வந்தது. பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சி, ரங்கநாதன் தெரு கூட்டத்தையும் சேர்த்து எண்ணிட்டியா? உன் மிஷின்ல தானா வந்து உக்காந்துக்கினு கீற குப்பையும் இதுல வரும். ரெப்போவை மட்டும் எண்ணு."

எண்ணினேன். சின்னக் கணக்குதான் வந்தது. கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன். கீழே போய் தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு டீ வாங்கி, பாதியிலேயே வைத்துவிட்டு மேலே வந்தேன். இரண்டு கணக்கையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"குப்பைல இன்னா தேடுற நைனா? நம்பரைக் குடுத்துட்டு கிளம்பு," என்றார் நண்பர்.

எண்கள் வேறுபடுவது பெரிதில்லை. ஆனால் ஒரு வகை என் பக்கம் இருந்தது, ரெப்போவில் அடியோடு இல்லை. அதுதான் எழுத்துரு. பில்லில் தமிழ் எழுத்துகள் வருவதே அந்தக் கோப்புகளால்தான். என் மிஷினில் அவை இருந்ததால் இத்தனை நாளும் பில் அழகாக வந்தது. அப்படியே அனுப்பியிருந்தால், கடையில் புடவை என்ற இடத்தில் வெறும் கட்டங்கள் வந்திருக்கும்.

மேடம் அறைக்கு ஓடினேன். வந்து பார்த்துவிட்டு, காரணத்தை அவரே தேடினார். பாரம் குறையட்டும் என்று எழுத்துருக்களை ரெப்போ எடுத்துக்கொள்ளாதபடி ஆரம்பத்தில் யாரோ அமைத்திருந்தார்கள். அதை மாற்றி, கோப்புகளைச் சேர்த்தோம். மறுபடி எண்ணியபோது எழுத்துருவுக்கும் ஒரு வரி வந்தது.

காலையில் கடை திறந்ததும் கல்லாப் பக்கம் போய் நின்றேன். முதல் பில் சரசரவென்று வெளியே வந்தது. புடவை, ரவிக்கைத் துணி, எல்லாம் தமிழில். கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா சார், நீயே புடவை வாங்கினா மாதிரி பார்க்குற? குடு, அந்தம்மா நின்னுக்கினு கீறாங்க," என்றார் கல்லாவில் இருந்த பெண்.

மேடம் போன் செய்தார். "வந்துதா?"

"வந்துது மேடம். தமிழ்லயே வந்துது."

"அப்ப ஆபீஸுக்கு வாங்க. உங்க வேலை நிரந்தர ஆர்டரை டைப் பண்ணச் சொல்லிட்டேன்."

"இன்னும் ஒரு பில் பாத்துட்டு வரேன் மேடம்," என்றேன்.