கல்லறையைப் பார்த்துக் கட்டிய வீடு

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வருவது காயும் இறாலின் வாசனை. ஏரியெல்லாம் அதற்குப் பின்னால்தான். போன வாரம் அந்த வாசனையோடு நடந்து டச்சுக் கல்லறை வாசலில் போய் நின்றேன். வளைவின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். எனக்கோ சிரிப்பு. கல்லறையில் சிரிப்பவனை நீங்கள் மன்னிக்க வேண்டும். நினைவுக்கு வந்தது ஒரு வீடு.

போன நூற்றாண்டின் தொடக்கம். மதராஸில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கும்மட்டமும் வளைவுமாக ரயில் நிலையங்கள் எழுப்பிக்கொண்டிருக்க, இங்கே ஒரு கருவாட்டு வியாபாரிக்கும் அப்படியொரு முகப்பு வைக்க ஆசை வந்ததாம். அவருக்கு வாய்த்த கொத்தனார் பட்டணம் பார்த்ததில்லை. பார்த்த ஒரே வெள்ளைக்காரக் கட்டடம் இந்தக் கல்லறை. அப்படியே கிளிஞ்சல் சுண்ணாம்பில் இழைத்துவிட்டார். எலும்புக்கூடு மட்டும் வேண்டாமென்று, அந்த இடத்தில் இரண்டு மடவை மீன்கள். வாலை ஊன்றி நிற்கும் மீன்கள்!

அந்த வீட்டை நான் பார்த்தது என் இளவயதில். கட்டட வரைபடம் போடும் பட்டணத்து அலுவலகமொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த நான், அதை வரைய அளவு நாடாவும் அளவில்லாத கர்வமுமாக வந்திறங்கினேன். வியாபாரியின் கொள்ளுப்பேத்தி தனம், முகப்பின் மேல் மீன்வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளைப் பெண் பார்க்கச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வருகிறார்கள். முன்பு வந்தவர்கள், “கல்லறை வூட்டுல பொண்ணு எடுக்கறதா?” என்று வாசலோடு திரும்பியிருந்தார்கள்.

“நைனா, இவங்களும் திரும்பினாங்கன்னா நானே கடப்பாரைய எடுத்துடுவேன்.”

“எங்க தாத்தன் கட்டினதும்மா” என்றார் அப்பா.

“ஐயோ, இடிச்சிடாதீங்க” என்றேன் நான்.

தனம் திரும்பினாள். “உனுக்கு இன்னா சார்? வரைஞ்சிட்டுப் பொன்னேரி பஸ்ஸு ஏறிடுவ. குந்தினு கெடக்கப்போறது நானு.”

நான் போய் வலையின் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். மீனைப் பிடிக்கத் தெரிந்த வலைக்கு ஒளிக்கத் தெரியவில்லை. அவர் அண்ணாந்து முகப்பைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

“கல்லறைய பாத்துக் கட்டினதாமே?”

“ஆமாம்மா.” சொன்னது தனமேதான்.

“செத்த வெள்ளக்காரனே இம்மா அழகா கட்டினு படுத்துகீறான். உசுரோட கீற நமக்கு இன்னா கொறச்சல்? வழி வுடு, பூத்தட்டு கனக்குது.”

தட்டு அந்த மீன்களுக்கு நடுவே உள்ளே போனது. பிறகொரு நாள் அதே வாசல் வழியாகத் தனம் சுண்ணாம்புக்குளம் போனாளாம். எனக்கு அவள் சொன்ன பொன்னேரி பஸ்தான்.

போன வாரம் கல்லறை வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்க, நண்டுக் கூடையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். தலை நரைத்த தனம். வீட்டைப் பற்றிக் கேட்டேன். தம்பி இடித்துவிட்டானாம். இப்போது மாடி, வழுவழுவென்று டைல்ஸ்.

“மீனுங்க?”

“மண்ணோட மண்ணு.”

கூடையை இறக்கி வைத்துவிட்டு எலும்புக்கூடுகளை ஆசையாக அண்ணாந்து பார்த்தாள்.

“பொறந்த வூட்டு நெனப்பு வந்தா, இங்கதான் சார் வந்து நிப்பேன்.”