உப்புப் போட்டு அடுக்கிய சூரை

இருபத்தாறு வருடமாக ஆம்பூரில் பச்சைத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். சம்பளக்காரன்தான், ஆனால் தோலைப் பற்றி என் எதிரில் யாரும் வாய் திறக்க முடியாது. அந்தத் திமிரோடுதான் படகு வாங்கினேன்.

தோல் வியாபாரம் செய்யும் என் தோஸ்த் ஒருநாள் பிரியாணிக் கடையில் செல்போனை என் முன்னால் நீட்டினான். மீன் துறையில் முதலீடு, ஏற்றுமதி, லாபம் என்று வீடியோவில் ஒருத்தர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "தோல்ல இனிமே இன்னாடா இருக்கு? எல்லாம் பேஜாரு. கடல்ல போடுவோம்" என்றான். ஏலகிரி அடிவாரத்து மனையை விற்று, அவனோடு கூட்டாகச் சென்னைக் காசிமேட்டில் ஒரு பழைய விசைப்படகை வாங்கினேன். அதை ஓட்டிய டிரைவரையே வைத்துக்கொண்டோம். கடலைப் பற்றி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மூன்றாவது நடையில் படகு நிறையச் சூரை மீன். காலையில் நான் தோல் கிடங்கில் நிற்கும்போது டிரைவர் கூப்பிட்டார்.

"மொதலாளி, எல்லா போட்டும் ரொம்பி வந்துகீது. ஏலத்துல வெல கம்மிதான். இருந்தாலும் வுட்டுடறேன்."

"வுடாதே! உப்பு போட்டு அடுக்கி வை. வெல ஏறட்டும்."

எங்கள் வழக்கம் அது. விலை இறங்கினால் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கிவிட்டு, மாதக்கணக்கில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"ஐயோ, இது மீனு மொதலாளி! கருவாடு போடணும்னாலும் வவுறு கீறணும், காய வைக்கணும். இவ்ளோ மீனுக்கு எடம் ஏது? என் பொண்ணுக்கு வேற நாளைக்குள்ள காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

"ஃபீஸ உன் சம்பளத்துல கட்டுய்யா. நான் சொன்னதச் செய்."

 "சரி மொதலாளி" என்றார்.

மூன்றாம் நாள் நானும் தோஸ்தும் ரயில் ஏறிக் காசிமேட்டுக்குப் போனோம். டிரைவர் தார்ப்பாயைத் தூக்கினார். தோல் ஊறும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று டிபன் சாப்பிடுகிறவன் நான். அங்கேயே வாந்தி எடுத்தேன். தொட்ட இடமெல்லாம் மீன் கையோடு வந்தது. "யா அல்லா!" என்று தோஸ்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் டிரைவர் மேல் பாய்ந்தேன். "மீனு அழுவுதுன்னு ஒரு போன் பண்றதுக்கு இன்னா? உனக்கு இன்னாய்யா, மாசமானா சம்பளம் வந்துடும்!"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"சம்பளமா? எவன் குடுத்தான்? ஏலம் போனாத்தான் எங்களுக்குப் பங்கு. பத்து நாள் கடல்ல கெடந்துட்டு போட்டுல போன எட்டுப் பேரும் வெறுங்கையோட வூட்டுக்குப் போனோம். இந்த மீனுதான் மொதலாளி எங்க கூலி."

 படகு வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இதைக் கேட்கத் தோன்றவில்லையே, நானெல்லாம் ஒரு மனுஷனா! தடுமாறிக்கொண்டே பர்ஸை எடுத்தேன்.

"உன் பொண்ணு ஃபீஸு... இப்பவே..."

"நேத்து சாயங்காலமே வேற பொண்ணுக்குக் காலேஜ் சீட்ட குடுத்துட்டாங்க. இன்னிக்குக் காலைல எறா உரிக்கக் கூலிக்குப் போய்ட்டா."

அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் செல்போன் டிங் என்றது, பேங்க் மெசேஜ். ஒன்றாம் தேதி. என் சம்பளம் வந்திருந்தது.