நாலு மணி நேரத் தூரம்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அம்மா வீடு கூட்டமாட்டாள், தலைக்குக் குளிக்கமாட்டாள். பக்கத்திலிருக்கும் தொட்டியத்துக்குப் போனாலும் இதே சட்டம்தான். பஸ்ஸில் போகிற தூரத்துக்கு அது சரி. நான் வேலைக்குப் போனதோ மெல்போர்னுக்கு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம். அங்கே காத்துக் கிடந்து அடுத்த விமானம் பிடித்தால் இன்னும் எட்டு மணி நேரம்.

முதல் தடவை சிங்கப்பூரில் இறங்கியதும் ஸ்ரீரங்கத்து வீடு கண்ணில் வந்தது. அம்மா குப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளே என்று மனசு கேட்கவில்லை. போனில் கூப்பிட்டு, "வந்து சேர்ந்துட்டேம்மா" என்றேன்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், இந்த ஒரு பொய்யில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். அதன்பிறகு அதுவே வழக்கமானது. ஊருக்கு வரும்போதும் சிங்கப்பூரில் நின்றுகொண்டுதான் "கிளம்பிட்டேன்" என்பேன். அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள்: "மெட்ராஸுக்கு பஸ்ல போறதுக்குள்ள எம்புள்ள ஊருக்கே போயிரலாங்க!" நானும் கேட்டுச் சிரித்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் அம்மாவின் போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உடனே வருகிறேன் என்றேன். போனை வைக்காமலே அவள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இந்தா, புள்ள சாயங்காலத்துக்குள்ள வந்துருவான். கொஞ்சம் தைரியமா இருங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி நான், திறக்கவில்லை. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டிக்கெட் தேடினேன்.

சாயங்காலம் முழுக்க அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் தலையைத் தூக்கினாராம். விடிவதற்கு முன் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது மதியம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பிளேன் லேட்டாடா?"

"ஆமாம்மா" என்றேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அந்த விமானத்தைத் திட்டினாள். "பாவிங்க, புள்ள முகத்தைப் பாக்கவிடாம பண்ணிட்டானுங்க." பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றேன். மகனுக்கு எவ்வளவு துக்கம் பார் என்று வந்தவர்கள் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பினேன். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து கூப்பிடவில்லை. மெல்போர்னில் இறங்கியபிறகுதான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏண்டா இவ்வளவு நேரம்? வீடு கூட்டாம அப்படியே கெடக்கு. இன்னைக்கும் லேட்டா?"

"இல்லம்மா. சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. எப்பவுமே இவ்வளவு நேரம்தான் ஆகும்."

"அப்ப அன்னைக்கு?" என்று கேட்டாள்.