பச்சை கேட் வரைக்கும்

மந்தைவெளியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. யார் லைனில் எவ்வளவு டேட்டா போகிறது, எவ்வளவு வழியில் தொலைகிறது என்று காட்ட ஒரு புரோகிராம் வைத்திருந்தோம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் வீடு வீடாகப் பட்டியல் ஓடும். அதை எழுதியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதோடு அது என் தலையில் விழுந்தது.

தையல் கடை மாடியில் குடியிருந்த டீச்சரம்மா, துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு தினமும் ஐந்து மணிக்கு வீடியோவில் கணக்கு சொல்லிக் கொடுப்பார். வீடு ஓடுவதே அதில்தான். அந்த மழைக்காலத்தில் பாடம் ஆரம்பித்தாலே லைன் அறுந்து அறுந்து வந்தது. எங்கள் லைன்மேன் அவர் வீட்டு மோடம் பெட்டியை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. எங்கே தொலைகிறது என்று பார்க்க நான் கட்டளையைத் தட்டினேன். பட்டியல் ஜோராக ஓடி, அவர் வீடு வர வேண்டிய இடத்தில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரு வரியைத் துப்பிவிட்டுச் செத்தது. அவருக்கு முன்னால் உள்ள அத்தனை வீடும் தெரிகிறது, வேண்டிய வீடு தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

"தம்பி, இன்னிக்கு ரெண்டு புள்ளைங்க நின்னுட்டாங்க" என்றார் டீச்சரம்மா போனில். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பாக்கறேம்மா" என்றேன்.

புரோகிராம் தொடக்கூடாத நினைவகத்தைத் தொடுகிறது, அது மட்டும் புரிந்தது. ஏன் தொடுகிறது? சர்வரை அணைத்துப் போட்டேன். நெட்வொர்க் கார்டைச் சந்தேகப்பட்டேன். எழுதியவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் இன்னும் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கடைசியில் புரோகிராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டியபோது, டீச்சரம்மா லைனுக்கு லைன்மேன் எழுதி வைத்திருந்த விலாசக் குறிப்பு கண்ணில் பட்டது: ‘தையல் கடை மாடி, பச்சை கேட், பெல் அடிக்காது, டீச்சரம்மான்னு குரல் குடு, நாய் கடிக்காது.’

புரோகிராம் எழுதிய புண்ணியவான் குறிப்புக்கு ஒதுக்கிய இடம் ஒரு கதவு எண்ணுக்குத்தான் காணும். மிச்ச எழுத்தெல்லாம் வழிந்து பக்கத்து நினைவகத்தில் விழுந்திருக்கிறது.

"இவ்ளோ நீளமாவா எழுதுவீங்க?" என்றேன் லைன்மேனிடம்.

"நான் இன்னா சார் பண்றது? பழைய நம்பர் ஒண்ணு கீது, புது நம்பர் ஒண்ணு கீது. நம்பரை வச்சிக்கினு இந்தத் தெருவுல எவன் வீடு கண்டுபுடிச்சான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. குறிப்பில் கை வைக்காமல் புரோகிராமைத் திருத்தினேன். சில வரிகள்தான். பட்டியல் பச்சை கேட்டைத் தாண்டிக் கடைசி வீடு வரை ஓடியது. பக்கத்து வீடுகள் சுத்தம். டீச்சரம்மா லைனில் மட்டும் பாதி வழியில் தொலைந்துகொண்டிருந்தது. லைன்மேன் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, மழைநீர் இறங்கியிருந்த வயர் இணைப்பை மாற்றினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆசையாகக் கட்டளையைத் தட்டினேன். எதுவும் தொலையவில்லை. எதுவும் போகவும் இல்லை. பயந்துபோய் போன் போட்டேன்.

"லைன் இப்ப நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். "புள்ளைங்கதான் இல்ல. கடைசியா இருந்த பொண்ணும் நேத்தோட நின்னுடுச்சு."

"பாக்கறேம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இனி நான் எதைப் பார்ப்பது? திரையில் பச்சை கேட் வீட்டுக்கு நேரே பூஜ்யம் நின்றுகொண்டிருந்தது. புரோகிராம் சாகாமல் ஓடிக்கொண்டிருந்தது.