வெள்ளிக்கிழமைத் தறிக்கொட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பிலுவிலிலிருந்து மருதமுனைக்கு அரசாங்க மருத்துவிச்சியாக மாற்றலாகி வந்தேன். கர்ப்பிணிகளுக்கான கிளினிக் நாளில் உட்காரும் வாங்குகள் நிறைந்துவிடும். ஆனால் பதினாறு, பதினேழு வயதில் கலியாணமாகி வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள் மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. வீடு தேடிப் போனால் அறைக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

ஒரு நெசவுக்கார வீட்டில் அப்படி ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். பதினாறு வயது, ஐந்து மாதக் கர்ப்பம். போன வருடம் வரை பள்ளிக்கூடம் போனவள். ஊர் வழக்கப்படி கணவன் அவளுடைய வீட்டிலேயே வந்திருந்து, அவர்களுடைய தறியிலேயே நெய்தான். அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். இரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது.

“ஏன் புள்ள கிளினிக்குக்கு வரல்ல?”

“அங்க என்ட கூட்டாளிமார்ட உம்மாமார் இருப்பாங்க மிஸ். ‘இதுவே பால்குடி, இது புள்ள பெறப் போகுதாம்’ எண்டு சிரிப்பாங்க.”

“அப்ப எங்க எண்டா வருவாய்?”

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தறிக்கொட்டிலைக் காட்டினாள். “வெள்ளிக்கிழமையில தறி ஓடாது. இஞ்ச எண்டா வருவன். இன்னும் ரெண்டு மூணு பேரையும் கூட்டிவருவன்.”

அவளுடைய உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஊர்ப் புள்ளையளெல்லாம் வயித்தோட என்ட வளவுக்குள்ள வந்து போனா, பாக்கிற சனம் என்ன கதைக்கும் மிஸ்?” என்றார். கடைசியில் ஒரேயொரு வெள்ளிக்கிழமைக்குச் சம்மதித்தார்.

அன்றைக்கு இரண்டு பேர் வந்தார்கள். உம்மா ஒன்றும் சொல்லாததால் அடுத்த வெள்ளியும் போனேன். ஐந்தாம் வெள்ளி ஏழு பேர். பாயை விரித்துப் படுக்கவைத்து வயிற்றைப் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். பிறகு கதை தொடங்கும். “புள்ள எந்த வழியால வரும் மிஸ்?” என்று ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே கேள்விதான் இருந்தது. அவ்வளவு காலமும் ஒருவரும் அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வீட்டுப் பிள்ளையின் கால்கள் வீங்கியிருந்தன. தலையிடிக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷரைப் பார்த்தேன். நம்பமுடியாமல் இன்னொரு தரம் பார்த்தேன்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். வலிப்பு வந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்து.”

“என்ட அஞ்சு புள்ளையும் இந்த வீட்டிலதான் பொறந்த. தலப்புள்ளய ஆஸ்பத்திரியில பெறுறதா?” உம்மா வாசலை மறித்து நின்றார்.

நான் பேச வாயெடுக்குமுன் அவள் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். “உம்மா, மிஸ் போன கிழமை இதத்தான் சொல்லித் தந்த. தலையிடி, கண் மங்கல், கால் வீக்கம். எனக்கு மூணும் இரிக்கி. நான் போறன்.” மற்றப் பெண்களும் எழும்பி அவளுக்குப் பின்னால் நின்றார்கள். ஏழு பேரின் வயிறுகளுக்கு முன்னால் உம்மா தனியாக நின்றார். பிறகு மகளின் தலைக்கு முக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டார். கணவன் வாடகைக் கார் பிடிக்க ஓடினான்.

கல்முனை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பிரஷரோடு போராடினார்கள். நாலாம் நாள் பெண் பிள்ளை பிறந்தது. சின்ன உடம்புதான், ஆனால் அது அழுத சத்தம் விறாந்தையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. தாதி வெளியே வந்து, “தாயும் பிள்ளையும் சுகம்” என்றதும் உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். வேலைக்கு வந்தபின் நான் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

பிள்ளை பிறந்த நாற்பது நாளும் மூடியிருந்த கொட்டில் அதன்பின் மறுபடி திறந்தது. தறிக்கொட்டிலில் என்ன கிளினிக் என்று முன்பு என்னைக் கடிந்துகொண்ட வைத்திய அதிகாரி ஒரு வெள்ளி நேரிலேயே வந்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். “சரி, நடத்துங்க” என்று சொல்லிவிட்டு, நிறை பார்க்கத் தராசொன்றும் அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளி காலையில் நான் போனபோது உம்மா வீட்டில் இல்லை. அடுத்த ஒழுங்கையில், கர்ப்பமான மகளை வெளியே விடாத ஒரு வீட்டு வாசல் படலையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய குரல் றோட்டு வரைக்கும் கேட்டது.

“உங்கட மகள இப்ப அனுப்புறீங்களா, இல்லாட்டி நான் உள்ளுக்கு வந்து கூட்டிப் போகவா?”