இருபத்திரண்டு நாள், மூன்று ஆட்டம்

பரோத்தாக் நுவெவோவில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கால்பந்து ஆடுவார்கள். நடுவராக நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. தேவாலயத்துக்கு எதிரே ஊருக்கு நடுவில் கிடக்கும் மைதானத்தில் விசிலோடு இறங்கினால், வீடு திரும்பும் வரை வசவு கேட்க வேண்டும். திட்டுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அக்கம்பக்கம். 1979இல் அந்தப் பொறுப்பை ஊர்க்காரர்கள் தையற்காரர் வெனிங் பால்மாரெஸின் தலையில் கட்டினார்கள். வெனிங்கின் காலில் பந்து நிற்காது. ஆனால் பந்து போகிற இடத்துக்கெல்லாம் தொண்ணூறு நிமிஷமும் சளைக்காமல் ஓடுவார்.

"ஊசில நூல் கோக்கத் தெரியுதே மனோங் வெனிங், ஆஃப்சைடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?" என்று, திட்டும்போதும் 'மனோங்' என்கிற அண்ணன் மரியாதையை விடாமல், கோட்டுக்கு வெளியே நின்று மீன்காரி பியங் கத்துவாள். மறுநாள் காலையில் அவளே மகனுடைய கிழிந்த கால்சட்டையோடு கடை வாசலில் நிற்பாள். ஆட்டத்துக்கு இருபது பெசோவும், சுடச்சுட ஒரு கிண்ணம் பாட்சோயும் கிடைக்கும். வெனிங்குக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்பது வருஷம் கழித்தும், அந்த நூடுல்ஸ் சூப்பின் ஆவி கண்ணாடியில் படிய, வியர்வை காயாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்.

1983இல் பகோலோடிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வட்டார நடுவர் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெனிங்கின் மனைவி சியாங் சட்டை வெட்டும் காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். இலோய்லோ வரைக்கும் ஜீப்னி, அங்கிருந்து கப்பல், இரண்டு நாள் சாப்பாடு, இரண்டு நாள் தையல் நஷ்டம்.

"இதுக்குப் பேரு வேலையா? கையக் கடிச்சுக்கிட்டு விசில் ஊதுறதுக்கு ஒரு தேர்வா?"

"தேறிட்டா காசு கூடக் கிடைக்கும் சியாங்."

"கூடக் கிடைக்கிறது கப்பல்காரனுக்குப் போயிரும்." காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, ஒரு தடவை போயிட்டு வா. போகலன்னா வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப" என்றாள்.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. வழியெல்லாம் வாந்தி எடுத்த வெனிங், வெறும் வயிற்றோடு பன்னிரண்டு நிமிஷ ஓட்டம் ஓடி மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவர் அபுந்தியோ. சர்க்கரை ஆலையில் லாரி ஓட்டுகிறவர், நெடிய உடம்பு, ஓயாத வாய். "பாரே, வயிறு காலியா இருந்ததால வேகமா ஓடுன. அடுத்த தடவை நானும் வாந்தி எடுத்துட்டுத்தான் ஓடப்போறேன்" என்று வெனிங்கின் தோளில் தட்டினார். 'பாரே' என்று, கூட்டாளியை அழைக்கிற அந்த ஊர் விளியோடு, அன்று தொடங்கியது அந்தச் சிநேகம்.

தேர்வில் இருவரும் தேறினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, வெனிங் கடலைத் தாண்டினார். கிடைத்த சம்பளம் கப்பல் கட்டணத்துக்கும் ஒரு தட்டு சோற்றுக்கும் சரியாக இருந்தது. நடுவர்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் துறைமுகத்தில் கரியில் வாட்டிய கோழியை அபுந்தியோவும் அவரும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு, அன்றைய பெனால்டியைப் பற்றிச் சண்டை போடுவார்கள். "அது கையில படல!" "பட்டுச்சு!" கப்பல் சங்கு ஊதும்வரை அந்தச் சண்டை ஓயாது. திரும்பும்போது மேல்தளத்தில் நின்றால் குயிமராஸ் தீவு மெல்ல நகர்ந்து போகும். உலகத்திலேயே தன்னைவிடக் கொடுத்துவைத்தவன் கிடையாது என்று வெனிங்குக்குத் தோன்றும்.

அதற்கடுத்த வருஷம் மணிலாவிலிருந்து அழைப்பு வந்தது. தேசியப் போட்டி, இருவருக்கும் இடம். ஆனால் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். சீருடைத் தையலில் வரும் காசுதான் அவர்களுக்குப் பாதி வருஷச் சோறு.

"நீ போ. என் தங்கச்சியக் கூட்டிட்டு வந்து நான் தெச்சுக்கிறேன்" என்றாள் சியாங். பொத்தானும் விளிம்பும்தான் அவளுக்குத் தைக்கத் தெரியும். அது இரண்டு பேருக்குமே தெரியும். வெனிங் போனார்.

ஒரு பகலும் ஓர் இரவும் கப்பல். மணிலாவில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, பலகையில் பெயர் எழுதுவார்களா என்று காத்திருந்த நாட்களே அதிகம். இரண்டு ஆட்டங்களில் கோட்டோரத்தில் கொடி பிடித்தார். கடைசி வாரத்தில், தூறலில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் விசில் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் நூறு பேர் தேறமாட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. அங்கே திட்டுகிற அளவுக்கு அவரை யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் தாவாவ் அணியின் தலைவன் கை கொடுத்து, "நல்லா நடத்துனீங்க சார்" என்றான். அந்த ஒரு சொல்லை வெனிங் ஊர் வந்து சேரும்வரை அசைபோட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கொல்லையில் பன்றிக் கொட்டில் காலியாக இருந்தது.

"பன்னி எங்க சியாங்?"

"மணிலாவுக்குப் போயிருக்கு. உன்னயத் தேடிக்கிட்டு." சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தின் நூற்றிருபது சீருடையும் நகரத்துத் தையற்காரர் ஒருவருக்குப் போய்விட்டன. அவளும் தங்கையும் தைத்த முதல் பத்தின் தோள்கள் சரியாக உட்காரவில்லை. ஊர்த் திருவிழாவுக்கென்று வளர்த்த பன்றியை விற்றுத்தான் அரிசி வாங்கியிருந்தாள். மணிலாவுக்குப் போட்ட கடிதத்தில் இதையெல்லாம் அவள் எழுதவேயில்லை.

மறு வருஷம் மே மாதத்தில் அடுத்த அழைப்பு வந்தது. வெட்டும் மேஜையில் மூன்று நாள் கிடந்தது. கடைசியில் வெனிங்கே கேட்டார்: "நீ என்ன சொல்ற?"

"எங்கிட்டக் கேக்காத. போகாதன்னு சொன்னா சாகுறவரைக்கும் என்னைய ஒரு மாதிரியாப் பாப்ப. போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. உன் காலு, நீயே முடிவு பண்ணு."

அன்று அவர் போட்ட கணக்கில் காசு இல்லை. இருபத்திரண்டு நாளில் மூன்று ஆட்டம், அதிலும் விசில் ஒன்றுக்குத்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே இரண்டு ஆட்டம் நடத்துவார்; சாயங்காலம் மகள் லிகாயா அவர் விசிலைக் கேட்டு வாங்கி ஊதுவாள். வரமுடியாது என்று எழுதி அனுப்பினார். தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, நேரே வீட்டுக்குப் போகாமல் வெறும் மைதானத்தை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

அபுந்தியோ போனார். போய்க்கொண்டே இருந்தார். வெளிநாட்டு ஆட்டங்கள் வரைக்கும் உயர்ந்தார். வெனிங் அறுபத்தோரு வயது வரை ஊர் மைதானத்திலும் இலோய்லோவிலும் விசில் ஊதினார். பன்றிக் கொட்டில் மறுபடி காலியாகவில்லை.

2009இல் ஒரு திருவிழா ஆட்டத்துக்கு விருந்தாளியாக வந்த அபுந்தியோ, தலையெல்லாம் நரைத்து, வெனிங் கடையின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சியாங் பாட்சோய் வைத்தாள்.

"என் மூத்தவ பட்டம் வாங்குனப்போ நான் ஜகார்த்தாவுல இருந்தேன் பாரே. சின்னவ கல்யாணத்துக்கு மொத நாள்தான் வந்து சேந்தேன். நீ கெட்டிக்காரன், அப்பவே கணக்குப் போட்டுட்ட."

"நான் லிகாயா பட்டம் வாங்குனதப் பாத்தேன்" என்றார் வெனிங். "ஆனா பொய் சொல்லமாட்டேன். ஜூன் பொறந்தா இன்னைக்கும் சீருடைத் துணிய வெட்டும்போது கையி ஒரு நிமிஷம் நின்னுரும்."

சியாங் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வெனிங்கின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றிவிட்டுப் போனாள்.

வெனிங் பெஞ்சைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோலாலம்பூர் பெரிய மைதானத்துல விசில் ஊதுனியே, அங்க புல்லு எப்படி இருந்துச்சு?"

அபுந்தியோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.