கேப்பைக் கூழும் பதினாறாம் எண்ணும்

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தேன். எதைக் கண்டாலும் அட்டை எழுதி அடுக்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். திண்டிவனத்தில் என் சிநேகிதி ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகப் பாட்டு டீச்சர். பியானோ பரீட்சையில் தேறினால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தலைமை சிஸ்டர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் ஜூனில் வேறு ஆள்.

பரீட்சைக்கு ஒரு ஜெர்மன்காரர் எழுதிய குட்டிக் குட்டிப் பயிற்சிகளில் ஒன்றை வாசிக்க வேண்டும். மெட்ராஸிலிருந்து வந்த தாளில் வெறும் எண்தான் இருந்தது, பதினாறு என்று. அவளிடம் அந்தப் பயிற்சிகள் இரண்டு பழைய புத்தகங்களாக இருந்தன. இரண்டுக்கும் மேலட்டை கிழிந்து எங்கோ போய்விட்டது. அவள் ஒன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தாள். லீவு போட்டு அவளைப் பார்க்கப் போயிருந்த எனக்கோ இரண்டையும் பார்த்ததுமே குஷி பிறந்துவிட்டது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் அட்டை, அதில் சுருதி, வேகம், எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது எண் என்று திட்டம் போட்டேன்.

"கோயில் பாட்டுன்னா முதல் அடிய வச்சித் தேடலாம். இதுல ஏதுடி அடி?" என்றாள்.

"நாமளே போட்டுக்கலாம்டி."

அவள் வாசிக்க வாசிக்க, மெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வாயில் வந்ததைப் போட்டு அட்டையின் தலையில் எழுதினேன். ஒன்றுக்கு 'ஜல்தி ஜல்தி வண்டி வந்தாச்சு'. அவள் பரீட்சைக்கு வாசித்து வந்ததற்கு 'கேப்பைக் கூழு ஆறிப் போச்சு'. சிரித்துச் சிரித்து அவளுக்கு விரல் தடுமாறியது.

அட்டைகளை வரிசைப்படுத்தினால், பாதி வரைக்கும் இரண்டு புத்தகமும் ஒழுங்காக ஒத்துப்போயின. அதன் பிறகு ஒரு புத்தகத்தில் ஒரு பயிற்சியே இல்லை. அதனால் பின்னால் இருந்ததெல்லாம் ஒவ்வோர் எண் தள்ளிப்போயிருந்தது. அவள் புத்தகத்தில் பதினாறு கூழ். இன்னொன்றில் பதினாறு ஜல்தி. புதையல் கிடைத்த மாதிரி குதித்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினேன்: பரீட்சைத் தாள் சொன்னது எந்தப் பதினாறை?

மறுநாளே தபால் ஆபீசில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டோம். பரீட்சை ஆபீஸ்காரர், "எந்தப் பதிப்பும்மா?" என்றார்.

"மேலட்டை இல்ல சார்."

"அப்ப நான் எப்படிச் சொல்றது?"

அவள் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். வேறு வழியில்லை. ஸ்டாம்பு வாங்க நின்ற கூட்டம் மொத்தமும் பார்க்க, கேப்பைக் கூழைப் பாடினேன். பிறகு ஜல்தியையும் பாடினேன். "இருங்க, எங்க புஸ்தகத்துப் பதினாறை வாசிக்கச் சொல்றேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் ரிசீவருக்குள் தூரத்தில் ஒரு பியானோ கேட்டது. வந்தது ஜல்திதான்.

"இத்தினி நாளா தப்பா வாசிச்சிக்கினு இருந்தேனா?" என்றாள் அவள். அழுவாள் என்று நினைத்தேன். "வா, ஜல்தி போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பரீட்சைக்குப் போகும்வரை அந்தப் பியானோவை விட்டு அவள் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

முடிவு வந்த அன்று எனக்குக் கடிதம்கூடப் போடாமல் பஸ் ஏறி விழுப்புரத்துக்கே வந்து நின்றாள். நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தாண்டி என் மேசைக்கு வந்து, "ஜூன்லயும் நான்தான்டி" என்றாள், காதோடு காதாக. அமைதி காக்கவும் என்று அங்கே பலகை எழுதி மாட்டியவளே நான்தான். நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர் உள்ளே ஓடி வந்தார்.